எதையும் தொட வேண்டாம்

டிசம்பர் 2, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். இது என் மனைவி ரெஜினாவின் உத்தரவு. போன சனிக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போதுதான் ஸ்கூட்டர் மார்க்கெட்டிலேயே நிற்கிறது என்பது இருவருக்கும் தெரிந்தது. பங்குக் கோயிலில் கொடுத்த டைரி பதினொரு மாதமாக வெறுமனே கிடந்தது. அதை எடுத்து என் முன்னால் போட்டு, அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வையுங்கள் என்றாள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் மறதி தொடங்கியது. அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. டைரி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் கோதண்டராமன் சார் ஒரு வேலை கொடுத்தார். எங்கள் மேனேஜர் அவர். கல்யாண மண்டபங்களுக்கான முன்பதிவு மென்பொருளை ஜூலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். மார்கழியில் மண்டபங்கள் காற்று வாங்கும். அதற்குள் மண்டபங்களின் கணினியில் ஏற்றிவிட வேண்டும். தை பிறந்துவிட்டால் மண்டபக்காரர்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். ஏற்றுவதற்கு முன் 117 பிராஞ்சுகளையும் சுத்தம் செய்வது என் பொறுப்பு.

"பிராஞ்சுன்னா பாங்க்குல இருக்குறதா?" என்று ரெஜினா கேட்டாள். விளக்கினேன். மெயின் என்பது எல்லோருக்கும் பொதுவான சரக்கு. அதில் நேரடியாகக் கை வைத்தால் எல்லோருக்கும் கெட்டுப்போகும். அதனால் ஆளாளுக்கு ஒரு நகல் பிரித்து, அதில் எழுதிப் பார்ப்போம். சரியாக வந்தால் மெயினில் சேர்ப்போம். சேர்த்த பிறகு அந்தப் பிராஞ்சை அழித்துவிட வேண்டும், ஆனால் யாரும் அழிப்பதில்லை. "சாப்பிட்ட தட்ட அப்படியே போட்டுட்டுப் போறது. உங்க ஆபீஸ்லயும் அதானா?" என்றாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

டிசம்பர் 4, புதன்

எழுபது பிராஞ்சுகள் போயின. விதி எளிது. மெயினில் சேர்ந்துவிட்டதா, அழி. சேரவில்லையா, யாருடையது என்று பார்த்து அவரிடம் கேட்டுவிட்டு அழி. ஒவ்வொரு முறை வேலையைச் சேமிக்கும்போதும், அதைக் கமிட் என்போம், அதில் எழுதியவர் பெயரும் முகவரியும் நேரமும் பதிந்துவிடும். அதனால் யாருடையது என்று தேடுவதில் சிரமம் இல்லை.

சிரமம் வேறு இடத்தில் வந்தது. என் பெயரில் மட்டும் 41 பிராஞ்சுகள். அவற்றில் எட்டோ ஒன்பதோதான் எனக்கு நினைவில் இருக்கின்றன. முகூர்த்த நேரம் மாற்றுவது, பந்திக் கணக்கு, மணமகன் அறைச் சாவி... இதையெல்லாம் நான் எப்போது எழுதினேன்? திறந்து பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். எனக்கு வழக்கமாக வராத பொறுமைகூட அதில் இருந்தது.

அவற்றில் ஒன்று மெயினில் சேராமல் கிடந்தது. 'முந்தைய மாலை' என்று பெயர். நவம்பரில் கடைசியாகத் தொட்டிருக்கிறேன். உரியவரிடம் கேட்க வேண்டும் என்பது விதி. என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை. அழித்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் வல்லாரைத் துவையல். மதிய டப்பாவிலும் வல்லாரைத் துவையல்.

டிசம்பர் 9, திங்கள்

கோதண்டம் சார் அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஜூலையிலிருந்து யார் பெயரில் எத்தனை கமிட் என்ற பட்டியல். முதல் வரியில் என் பெயர்: இன்னாசிமுத்து, 431. எனக்கு அடுத்தவர் இருநூறைக்கூடத் தொடவில்லை.

உமையாளின் பெயரே அதில் இல்லை. ஜூலை முதல் தேதி சேர்ந்தவள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஆறு வருட இடைவெளிக்குப் பின் வேலைக்கு வந்திருக்கிறாள். புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை. வியாழன் மட்டும் பஸ் பிடித்து தில்லைநகர் அலுவலகத்துக்கு வருவாள். தகுதிகாண் காலம் ஆறு மாதம். டிசம்பர் 31 அன்று முடிகிறது.

"வேலை பிரிச்சுக் குடுத்த ஷீட்ல அவ வேலை எல்லாம் முடிஞ்சதுன்னு இருக்கு. சேக்குறப்போ பாத்தா எல்லாம் உன் பேரு. நீயே இழுத்துப் போட்டு செஞ்சிருக்க. பாவம் பாக்குறது சரிய்யா, அதுக்குன்னு ஆறு மாசமா?"

நான் சிரித்தேன். சிரித்தால் ஆமாம் என்றும் சொல்ல வேண்டியதில்லை, இல்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை நான்தான் செய்தேனோ என்னவோ. ஸ்கூட்டரையே மறந்தவன்.

31ஆம் தேதி அவளை அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். அதுவரை அவளிடம் மூச்சு விடக்கூடாது. தையிலிருந்து இந்தத் திட்டத்துக்கு நான்தான் லீட். வீட்டில் லீட் சமாசாரத்தை மட்டும் சொன்னேன். ரெஜினா சேமியா பாயசம் வைத்தாள்.

டிசம்பர் 11, புதன்

இன்று வேலை அதிகம். எழுத ஒன்றும் இல்லை. இரவு சாப்பிடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

உமையாள் வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து, என்னுடைய குறுக்குவழிகள் இல்லாவிட்டால் இந்த ஆறு மாதத்தை ஓட்டியிருக்க மாட்டேன் என்றாள். நீளமான கட்டளைகளுக்குப் பதில் 'ஏத்து', 'இறக்கு', 'காட்டு' என்று சின்னச் சொற்களை அடித்தால் போதும்படி, என் லேப்டாப்பில் பல வருடமாகச் செதுக்கி வைத்த செட்டிங் அது. அந்த லேப்டாப்தான் இப்போது அவளிடம் இருக்கிறது. ஜூனில் எனக்குப் புதிது வந்தது. பழையதை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒப்படைத்தது நான்தான். பையில் ஒரு குறிப்புத் தாளும் வைத்திருந்தேன். முதல் வரி பெரிய எழுத்தில்: எதையும் தொட வேண்டாம்.

அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். "நீங்க சொன்ன மாதிரி ஒண்ணையும் தொடல சார்."

பிறகு இன்னொன்று கேட்டாள். "மாசக் கடைசியில பெர்மனென்ட் ஆயிடும்ல சார்? ஆயிட்டா பிள்ளைங்கள இங்கயே ஸ்கூல் மாத்திடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

பார்ப்போம் என்றேன். கேரியரைத் திறந்தேன். வல்லாரை.

டிசம்பர் 13, வெள்ளி

புதன்கிழமை எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். ஒரு நல்ல செய்தி. எனக்கு மறதி இல்லை.

கோதண்டம் சார் எடுத்த பட்டியல் வெறும் பெயர்ப் பட்டியல். கட்டளையில் இன்னும் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் முகவரியும் வரும். அன்று அதைச் சேர்த்துப் பார்த்தேன். இன்னாசிமுத்து இரண்டு வரிகளாகப் பிரிந்து நின்றான். புது முகவரியில் 88. பழைய முகவரியில் 343. எங்கள் கம்பெனி ஜூனில் பெயர் மாறியது, மின்னஞ்சல் முகவரியும் மாறியது. நான் இந்தத் திட்டத்தில் எழுதியதெல்லாம் புது லேப்டாப்பில், புது முகவரியில். பழைய முகவரி இருப்பது பழைய லேப்டாப்பில் மட்டும்தான்.

கமிட்டில் விழும் பெயர் தட்டச்சு செய்கிற ஆளைப் பார்த்து விழுவதில்லை. அந்த மெஷினின் செட்டிங்கில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் விழும். எங்கள் சர்வர் பழையது. எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிறோம். அதனால் வேறு எங்கும் தடம் இல்லை.

ஆக, அந்த 343ஐ நான் மறக்கவில்லை, நான் எழுதவே இல்லை. இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ரெஜினாவிடம் இனி வல்லாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

உமையாள் விஷயத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்

உமையாளுக்குப் போன் செய்தேன். செட்டிங்கில் இரண்டு வரிகளை மாற்றச் சொன்னேன். பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயர், முகவரி இருக்கும் இடத்தில் உங்கள் முகவரி. எதற்கு சார் என்றாள். எல்லோருக்கும் புதுப்பிக்கிறோம் என்றேன். சரி என்று உடனே மாற்றினாள். இனி அவள் எழுதுவது அவள் பெயரில் விழும். பட்டியலிலும் வந்துவிடுவாள். யாருக்கும் சங்கடம் இல்லாமல் முடிந்தது.

மொட்டை மாடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினேன். வயர் போதவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

முடியவில்லை.

கோதண்டம் சார் தேநீர் குடிக்கும்போது சொன்னார். "பாத்தியா இன்னாசி, நாள் நெருங்குதுன்னதும் உமையாள் அம்மாவுக்கு வேலை செய்ய வந்துருச்சு. நாலு நாள்ல பதினாலு. இத்தன நாள் எங்க போச்சு இந்தச் சுறுசுறுப்பு?"

நான் மாற்றிய செட்டிங்கே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதற்கு முன் ஒன்றுமே இல்லை, இப்போது பதினாலு. பார்க்கிறவர் வேறு என்ன நினைப்பார்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிஸ்கட் தேநீரில் விழுந்துவிட்டது. கரண்டி தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார்.

பத்து நாளாக நான் எழுதுவதைப் படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. பாயசம் குடித்தவன் எழுதியது.

வீட்டில் குடில் வைத்தோம். அதில் வைக்கிற ஒரு ஆட்டுப் பொம்மையைக் காணோம் என்று ரெஜினா தேடிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 23, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபக்காரர் 27ஆம் தேதி பார்க்க வருகிறார். அதற்காகக் கோதண்டம் சாரும் நானும் சோதித்துப் பார்த்தோம். ஒரு குடும்பத்துக்கு வியாழக்கிழமை காலை முகூர்த்தம் பதிந்தோம். அதே மண்டபத்தைப் புதன் மாலை ஒரு பிறந்தநாளுக்கும் கேட்டுப் பார்த்தோம். இரண்டையும் ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையே வரவேற்பு வைத்துவிடுகிறார்கள். புதன் மாலையும் கல்யாண வீட்டுக்குத்தான் சொந்தம். இப்படியே ஏற்றினால் தை முதல் முகூர்த்தத்தில் மேடையில் மாப்பிள்ளையும் கேக் வெட்டும் குழந்தையும் ஒன்றாக நிற்பார்கள்.

"இது நவம்பர்லயே முடிஞ்சதுன்னு ஷீட்ல இருக்கே. உமையாளுக்குக் குடுத்தது. மெயின்ல சேக்கணும்னு போட்டிருக்கு" என்றார் சார். 'முந்தைய மாலை' என்று தேடினார். கிடைக்குமா? நாலாம் தேதி நான் அழித்த பிராஞ்ச் அது.

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நீ எழுதியதுதானே, மறுபடி எழுது, மூன்று நாள் இருக்கிறது என்றார். கிறிஸ்துமஸ் அன்று வர வேண்டாம், நாளைக்கே முடி என்றும் சொன்னார். நான் எழுதியிருந்தால்தானே மறுபடி எழுத? அவள் அதில் எத்தனை நாள் உட்கார்ந்தாளோ எனக்குத் தெரியாது.

வெளியே படிக்கட்டுக்குப் போய் உமையாளுக்குப் போன் செய்தேன். சர்வரில் அழித்தாலும், எழுதியவருடைய மெஷினில் அவருடைய நகல் இருக்கும். அவளும் சுத்தம் செய்திருந்தால் எல்லாம் போச்சு. 'முந்தைய மாலை' இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு சார், அப்படியே இருக்கு. ஏத்தட்டுமா?"

நான் மேஜைக்குத் திரும்புவதற்குள் வந்துவிட்டது. பத்தொன்பது கமிட். பத்தொன்பதிலும் என் பெயர், பழைய முகவரி. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அட, கெடச்சிருச்சா. எங்க இருந்துச்சு?"

என் பழைய லேப்டாப்பில் என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"உமையாள்கிட்ட சார். அவங்க எழுதுனது. இது மட்டுமில்ல, முன்னூத்தி நாப்பத்தி மூணும் அவங்க எழுதுனதுதான்."

பிறகு எல்லாவற்றையும் காட்டினேன். முகவரியோடு பட்டியல், லேப்டாப் கைமாறிய தேதி, என் குறிப்புத் தாளின் முதல் வரி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினொண்ணாந் தேதி சார்."

"இன்னிக்கு இருபத்தி மூணு."

திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பட்டியலை மூடிவிட்டு, நானும் ஒருதடவைகூட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

லீட் போய்விட்டது. அதை அவர் வாயால் சொல்லவில்லை, எனக்கே தெரியும். வீட்டுக்கு வரும்போது நன்றாகப் பசித்தது. பதினொன்றாம் தேதிக்குப் பிறகு எனக்குப் பசித்தது இன்றுதான்.

ரெஜினாவிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்து, "அப்போ அந்தப் பாயசம் அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியது" என்றாள். எனக்கு மறதி இல்லை என்பதையும் சொன்னேன். அப்போ ஸ்கூட்டர் என்று கேட்டாள். அது மறதிதான் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

டிசம்பர் 24, செவ்வாய்

பழைய கமிட்டுகளில் பெயரை மாற்ற வழி உண்டு. ஆனால் அப்படி மாற்றினால் வரலாறு முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, எல்லோருடைய நகலும் பொருந்தாமல் போகும். ஏற்றுகிற நேரத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அதற்குப் பதில் மெயில்மேப் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. 'இந்த முகவரியில் இன்னாசிமுத்து என்று இருந்தால் அது உமையாள்' என்று அதில் ஒரே வரி. பழையது பழையபடியே இருக்கும், பட்டியல் எடுக்கும்போது சரியான பெயர் வரும். இந்தத் திட்டத்தில் பழைய முகவரியை நான் ஒரு நாளும் பயன்படுத்தாததால் ஒரு வரி போதும். 'முந்தைய மாலை'யை மெயினில் சேர்த்தோம். பிறந்தநாள்காரருக்கு மண்டபம் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆடு கிடைத்தது. போன வருட வைக்கோலுக்குள் இருந்தது.

டிசம்பர் 26, வியாழன்

உமையாளிடம் நானே சொல்ல வேண்டும் என்று சாரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். ரெஜினா கொடுத்த பாயச டப்பாவை முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்றாம் தேதியையும் சொன்னேன். பதினாறாம் தேதி போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்திருந்தேன். டப்பா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"உங்க பேர்ல போறது எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும் சார். பெர்மனென்ட் ஆகுற வரைக்கும் இங்க சீனியர் பேர்லதான் போகும்போலன்னு நெனச்சேன். இதப் போய் கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு விட்டுட்டேன்."

தன் பெயர் வராததை ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டே, அதுதான் இங்கே வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பொறுமையோடு எழுதியிருக்கிறாள். அந்தப் பொறுமையைத்தான் நாலாம் தேதி நான் என்னுடையது என்று மெச்சிக்கொண்டேன்.

"பதினாறாந் தேதி பேரை மாத்தச் சொன்னீங்கள்ல, அன்னிக்கு வீட்டுல சொன்னேன், பெர்மனென்ட் ஆயிடுச்சுபோலன்னு" என்றாள். சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது. பிறகு பாயசத்தைக் குடித்தாள். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

டிசம்பர் 31, செவ்வாய்

நிரந்தர நியமனக் கடிதத்தைப் பகல் பதினொன்றரைக்குக் கோதண்டம் சார் அவள் கையில் கொடுத்தார். அதை வாங்குவதற்காகச் செவ்வாய்க்கிழமையிலும் பஸ் ஏறி வந்திருந்தாள். புதுப் பட்டியலும் கூடவே இருந்தது. உமையாள், 388. இன்னாசிமுத்து, 97. என் எண்ணை இவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததே இல்லை.

தில்லைநகரிலேயே ஒரு பள்ளியில் விண்ணப்பம் வாங்கிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள்.

ஜனவரி 3, வெள்ளி

டைரி தீர்ந்துவிட்டது. பின்னால் தொலைபேசி எண்களுக்கு விட்ட பக்கத்தில் எழுதுகிறேன். 27ஆம் தேதி வந்த மண்டபக்காரர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். 10ஆம் தேதி ஏற்றுகிறோம்.

அடுத்த வாரம் புதிதாக ஒருவர் சேர்கிறார். என் குறிப்புத் தாளை மெயினில் ஒரு கோப்பாக ஏற்றி, அதைத் திருத்தும் வேலையை உமையாளிடம் விட்டுவிட்டேன். இன்று மாலை அவளுடைய கமிட் வந்தது. ஒரு வரி நீக்கம், ஒரு வரி சேர்ப்பு.

நீக்கியது: எதையும் தொட வேண்டாம்.

சேர்த்தது: முதலில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

எழுதியவர் உமையாள் என்று இருந்தது. படித்துவிட்டு மெயினில் சேர்த்தேன், அந்தப் பிராஞ்சை அவளிடம் கேட்டுவிட்டு அழித்தேன், ஸ்கூட்டரிலேயே வீட்டுக்கு வந்தேன்.